பொன்னுருக்குக்குப் போன நீலத் துப்பாக்கி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எழுபத்து நான்கு வயதாக வேண்டியிருந்தது. அதுவரை என்னை நான் 'முன்யோசனைக்காரன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தவன் வீட்டோடு இருந்தால் யாருக்கும் கெடுதி இல்லை. அவன் தற்காப்பு பழகப் புறப்படும்போதுதான் ஊருக்கு ஆபத்து.

நான் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன், பிறகு லண்டனில் பத்தொன்பது வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்றவன், ஒரு பார்க்கிங் தண்டம்கூட வாங்காதவன், இடுப்பில் கைத்துப்பாக்கி சொருகிக்கொண்டு ரயில் ஏறினேன். இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். குற்றவாளியின் வாக்குமூலம் மட்டும்தான் பாக்கி.

எல்லாம் என் தங்கச்சி இந்திரா என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்ததில் தொடங்கியது. அவளுடைய ஒரே மகன் கஜனுக்குக் கலியாணம். மச்சான் காலமாகி ஐந்து வருடம். கலியாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். நல்ல நேரம் பார்த்து, சபைக்கு நடுவே, நகை செய்யும் பத்தர் ஒரு பொற்காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. ஐயர் குறித்துத் தந்த நேரம் வியாழக்கிழமை காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பது வரை. அதை விட்டால் கலியாணத்துக்கு முன் வேறு நல்ல நேரம் இல்லை.

"அண்ணை, நீங்கள்தான் தாய்மாமன்," என்றாள் இந்திரா. "வெம்பிளி நகைக்கடையில பொற்காசு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன். அதை வாங்கிக்கொண்டு குட்மேய்ஸில எங்கட வீட்டுக்கு வாங்கோ. வேற ஒண்டும் நீங்கள் செய்ய வேண்டாம்."

('வேற ஒண்டும்' என்பதை அவள் அழுத்திச் சொன்னாள். அவளுடைய கலியாணத்தில் ஒலிபெருக்கி கட்டும் பொறுப்பை நான் ஏற்று, தாலி கட்டும் நேரத்தில் ஊர் முழுவதும் இருளில் மூழ்கியது வேறு கதை.)

பிறகு குரல் இறங்கி, "அவர் இல்லாத வீடு. இது ஒண்டாவது நேரத்துக்கு நடக்க வேணும் அண்ணை," என்றாள்.

அந்த ஒரு வசனம் என் நித்திரையைக் கெடுத்தது. எங்கள் சனம் நகையோடு போகும் என்பது லண்டனில் உள்ள எல்லாக் கள்ளருக்கும் தெரியும் என்று நான் நம்பினேன். பார்க்கிங்கில் யாரோ ஒரு அம்மாவின் சங்கிலி போனது, குட்மேய்ஸில் யாரோ வீட்டுப் பின்கதவு உடைந்தது என்று என் போனுக்கு ஒவ்வொரு நாளும் செய்தி வரும். அனுப்புகிறவர்களும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற முன்யோசனைக்காரர்களே. ஒரு கிழமை, ஏழு நாளும் யோசித்து, என் மனைவி சறோவிடம் முடிவைச் சொன்னேன்.

"நான் ஒரு பிஸ்டல் எடுக்கப் போறன்."

சறோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எலிப்பொறி வைக்கேக்கையே நான் பக்கத்தில நிக்க வேண்டியிருக்கு. உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

"பாதுகாப்புக்கு."

"ஆருக்கு?"

அப்போது அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு விளங்கவில்லை.

நகரத்தின் கிழக்கு விளிம்பில், ஒரு சமூக மண்டபத்துக்குப் பின்னால், காற்றுத் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் பவுலின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பள்ளிக்கூடக் கன்டீனில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தொங்கின. விண்ணப்பப் படிவத்தை எடுத்து, "என்ன நோக்கத்துக்காகச் சேருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"தற்காப்பு," என்றேன் பெருமையோடு.

அவர் பேனையை வைத்தார்.

"மிஸ்டர் சிவா, இந்த நாட்டில் தற்காப்புக்கு என்று யாருக்கும் துப்பாக்கி கொடுப்பதில்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள் கைத்துப்பாக்கியை நினைத்தும் பார்க்க முடியாது. நாங்கள் இங்கே காற்றால் கடதாசியைச் சுடுகிறோம், பிறகு தேநீர் குடிக்கிறோம். வெளியே போய், உங்களுக்கு விளையாட்டில் விருப்பமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்."

நான் வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது எனக்கு விளையாட்டில் தீராத ஆர்வம் பிறந்திருந்தது. (இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது. மிச்சமும் வரும்.)

ஆறு செவ்வாய்க்கிழமைகள் பயிற்சிக்குப் போனேன். கால்களை அகட்டி நில், தோளைத் தளர்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து. பவுலின் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் குண்டு செல்லும் பாதையைப் பற்றி அவருக்குத் திருப்பி விளக்கம் கொடுத்தேன். குண்டு என் விளக்கத்தைக் கேட்கவில்லை. சுடும் நேரத்தில் நான் இரண்டு கண்ணையும் மூடுகிறேன் என்பதை மூன்றாவது கிழமைதான் அவர் கண்டுபிடித்தார். அன்று என் அட்டையில் ஒரு துளைகூட இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற கீத் என்ற தபால்காரர் பத்துக் குண்டு சுட்டிருந்தார். அவருடைய அட்டையில் பதினைந்து துளைகள் இருந்தன.

"நன்றி சிவா," என்றார் கீத். "எனக்கு இவ்வளவு புள்ளி ஒருநாளும் கிடைத்ததில்லை."

ஆறாவது கிழமை, ஒரு துப்பாக்கியை வரும் வியாழக்கிழமைக்கு மட்டும் இரவல் தர முடியுமா என்று பவுலினிடம் கேட்டேன். அவர் என் கண் முன்னாலேயே அலுமாரியைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"பொம்மையைக்கூட வெளியே கொண்டு போகாதீர்கள், சிவா. அதுவும் குற்றம். உங்களுக்குத்தான் அது பொம்மை. எதிரே நிற்பவருக்கு இல்லை."

நல்ல ஆசிரியர். மாணவன்தான் சரியில்லை. அவர் சொன்னதில் 'பொம்மை' என்ற ஒரு சொல் மட்டும் என் மூளையில் ஒட்டிக்கொண்டது.

சந்தையில் ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகள் விற்றார். பச்சை, செம்மஞ்சள், நீலம் என்று மூன்று நிறங்கள். மூன்றும் கண்ணைக் குத்தின.

"கறுப்பு இல்லையா?" என்று கேட்டேன்.

"கறுப்பு உண்மையானதைப் போல இருக்கும். அதனால்தான் சட்டம் இப்படி நிறம் அடிக்கச் சொல்கிறது," என்றார். "பேரப்பிள்ளைக்கா?"

"ஓம்," என்றேன். (இரண்டாவது பொய். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.)

தற்காப்பு ஆயுதத்தை உடுப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்கிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். என் கோட் கருநீலம். நீலத்தை எடுத்தேன்.

வீட்டில் அடுத்த கட்டப் பயிற்சி. இணையத்தில் ஒரு அமெரிக்கத் தாடிக்காரர் ஆயுதத்தை உடலில் மறைத்துக்கொண்டு போவது எப்படி என்று வகுப்பு நடத்துவார். அவர் வயிறு பலகை. என் வயிறு சறோவின் நாற்பது வருட உழைப்பு. இடுப்பின் முன்பக்கம் சொருகினால் குனிய ஏலாது, பின்பக்கம் சொருகினால் இருக்க ஏலாது. கடைசியில் இடது பக்கம் ஒரு இடம் கண்டுபிடித்து, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அலுமாரிக் கண்ணாடி முன் நின்று வேகமாக உருவிப் பழகினேன். நான்காவது உருவலில் அது பெனியனில் சிக்கி வெடித்தது. பிளாஸ்டிக் குண்டு கட்டிலில் பட்டு, சுவரில் பட்டு, என் மாமனாரின் படத்தில் போய் 'டொக்' என்றது.

"என்ன சத்தம்?" கீழே இருந்து சறோ.

"மாமாவின்ர படம் சரிஞ்சிட்டுது!"

"முப்பது வருஷமாச் சரியாத மனுசன் இண்டைக்கு ஏன் சரிஞ்சவர்?"

அன்றே குண்டுகளை எல்லாம் எடுத்து எறிந்தேன். வெறும் துப்பாக்கி போதும், காட்டினாலே கள்ளன் ஓடிவிடுவான் என்பது என் கணிப்பு. இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. வெள்ளைச் சேட்டுக்கு உள்ளால் அந்த நீலம் விளக்கு மாதிரித் தெரிந்தது. அதற்கு ஒரு கறுத்த மேஸை மாட்டினேன். (மேஸ் என்றால் எங்கள் பேச்சில் காலுறை.) அளவு அளந்து தைத்ததுபோல் பொருந்தியது. மேஸோடு உருவிப் பழக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை.

தாடிக்காரர் இன்னும் சில பாடங்கள் சொல்லியிருந்தார். போகும் வழியை யாருக்கும் சொல்லாதே, ஓரிடத்தில் நிற்காதே, பின்னால் வருகிறவனைக் கவனி. இவற்றை நான் மனப்பாடம் செய்தேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வியாழக்கிழமை காலை, தொப்பியும் கறுத்தக் கண்ணாடியும் அணிந்து, ஒன்பது மணிக்கு வெம்பிளிக் கடைக்குள் நுழைந்தேன். சறோ இந்திரா வீட்டில் பலகாரம் அடுக்க முன்கூட்டியே போய்விட்டாள். கடை முதலாளி கைகூப்பி வரவேற்றார்.

"வாங்கோ ஐயா! நீங்கள்தானே குட்மேய்ஸ்..."

"உஷ்! ஊர்ப் பேரை உரக்கச் சொல்லாதையுங்கோ."

அவர் விழித்தார். சிவப்புச் சிமிழில் பொற்காசை வைத்துத் தந்தார். "ஒரு நிமிசம் இருங்கோ ஐயா, பின்னால இருந்து ஒராளைக் கூப்..."

"எனக்கு நிக்க நேரமில்லை," என்று சொல்லிச் சிமிழைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ஐம்பது அடி நடந்திருக்க மாட்டேன். "ஐயா! ஐயா! கொஞ்சம் நில்லுங்கோ!" என்று பின்னால் ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். குள்ளமான, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள். தோல் ஜாக்கெட். கையில் கனமான கறுத்தப் பை; அதற்குள்ளிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வால்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நகைக்கடையிலிருந்து இறங்கியவனைத் துரத்தும் ஆள். கள்ளர் இப்போது ஆளுக்கேற்ற பாஷையிலும் வருகிறார்கள் என்று எண்ணி, நடையை ஓட்டமாக்கினேன். அந்த ஆளும் ஓடினார்.

ஜூபிலி லைன் ரயிலில் ஏறினேன். அவரும் ஏறி, எனக்கு நேர் எதிரே இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு துணிச்சலாகச் சிரிக்கும் கொள்ளைக்காரனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஐயா, நீங்கள் குட்மேய்ஸுக்குத்தானே போறியள்?"

ஊர்ப் பேரும் தெரிந்திருக்கிறது!

"ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்," என்றேன். (நான்காவது பொய், மாமனாரின் படத்தையும் சேர்த்தால்.)

அவர் முகம் குழம்பியது. பையை மடியில் வைத்துக்கொண்டு என் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்தபடி இருந்தார். பேக்கர் ஸ்ட்ரீட்டில் கதவு மூடும் கடைசிக் கணத்தில் நான் வெளியே பாய்ந்தேன். அவரும் பாய்ந்தார், பை கதவில் அகப்பட்டு, இழுத்தெடுத்து, "முருகா!" என்றார். அடுத்த ரயிலில் ஏறினேன். ஏறினார். வெஸ்ட் ஹாமில் இறங்கி, பிளாட்பாரத்தில் பத்தடி நடந்து, மறுபடி அதே ரயிலில் ஏறினேன். அவரும் இறங்கி, நடந்து, ஏறினார். இப்போது சிரிக்கவில்லை. ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறும்போது மூன்று தரம் படியேறி இறங்கினேன். அவர் ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

குட்மேய்ஸுக்கு ஒரு தரிப்பு முன்னதாக செவன் கிங்ஸில் இறங்கினேன். ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினேன். இருபுறமும் கவுன்சில் குப்பைத் தொட்டிகள், ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. பின்னால் அந்தக் காலடி. இதுதான் நேரம் என்று முடிவு செய்தேன்.

சடாரென்று திரும்பினேன். கால்களை அகட்டினேன். "நில்! கிட்ட வந்தாயெண்டால் தெரியும்!" என்று கத்திக்கொண்டு கோட்டுக்குள் கைவிட்டு உருவினேன்.

வந்தது. மேஸோடு வந்தது. பவுலின் சொல்லித் தந்த நிலையில், இரண்டு கையாலும், மூச்சைப் பாதி விட்டு, ஒரு கறுத்தக் காலுறையை அந்த மனிதனை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றேன். குதிகால் பக்கம் கீழே தொங்கிக் காற்றில் ஆடியது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன என்று நினைக்கிறேன். ஏனென்றால் நான் பார்த்தபோது பை நிலத்தில் கிடந்தது. ஆள் தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தார்.

வென்றேன்! பிறகு அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். குறடு, சாமணம், சின்னச் சுத்தியல், கரிபிடித்த மண்கிண்ணம், ஒரு எரிவாயுச் சிலிண்டர். பூட்டு உடைக்கும் சாமான் என்று உடனே விளங்கிவிட்டது. (பௌதிகம் படிப்பித்தவன் அல்லவா.) பொலீஸிடம் ஒப்படைக்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பதினொரு மணிக்கு இந்திரா வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறை நிறைய ஆட்கள். குத்துவிளக்கு எரிந்தது. மாப்பிள்ளை கஜன் பட்டுவேட்டியோடு கதிரையில் இருந்தான். பெண்வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். வீடியோக்காரர் ஓடித் திரிந்தார். நான் பையை மடியில் வைத்து நடுவில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னேன். ஒரு கள்ளன் இரண்டாகி, குள்ளன் ஆறடியாகி, ரப்பர்க் குழாய் கயிறாகியது. துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை. 'ஒரு அதட்டுப் போட்டன்' என்றேன். பெண்ணின் தகப்பன் எழுந்து வந்து கைகொடுத்தார். யாரோ தேசிக்காய்த் தண்ணி தந்தார்கள். இந்திரா கண்கலங்கி, "அண்ணை, உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று என் தோளைத் தடவினாள். சறோ மட்டும் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்று என் இடுப்பைப் பார்த்தாள்.

"சரி, நேரமாகுது," என்றாள் இந்திரா. "பத்தரை இன்னும் காணேல்லை. வெம்பிளிக் கடையில இருந்து ஒம்பது மணிக்கே வெளிக்கிட்டாராம். ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

அவள் தன் போனில் எண்ணை அழுத்தினாள்.

என் மடியில் இருந்த பை ஒரு நாதஸ்வர மெட்டுப் பாடியது.

முன்னறையில் இருந்த முப்பது பேரும் பையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இந்திரா அழைப்பைத் துண்டித்தாள். பை நின்றது. மறுபடி அழுத்தினாள். பை பாடியது. சிறுவயதில் நான் அவளுடைய மைப்போத்தலைக் கொட்டியபோது பார்த்த அதே பார்வை.

"அண்ணை," என்றாள் மெதுவாக. "பத்தரை என்ன செய்தனீங்கள்?"

நான் பையின் வாயை இரண்டு கையாலும் பொத்தினேன்.

சறோ கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். "எழும்புங்கோ, பையையும் எடுங்கோ," என்றாள். மணி பதினொன்று ஏழு.

காரில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். மேஸையும் சொன்னேன். சறோ தெருவையே பார்த்து ஓட்டினாள். அந்தப் பக்கத் தெரு, ஸ்டேஷன், பஸ் தரிப்பு, எங்கும் பத்தர் இல்லை. போன் எங்களிடம். அவருக்கு வீட்டு விலாசமும் தெரியாது. மணி பதினொன்று இருபதைத் தாண்டியபோது, இந்திராவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஒரேயொரு வேலை தந்தாள்.

கடைசியில் சறோதான், "பயந்த தமிழன் எங்க போவான்? தமிழ்க் கடைக்குத்தான்," என்று பெரிய வீதியில் காரை நிறுத்தினாள்.

கடைக்குள் நுழைந்தோம். மரக்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால், அரிசி மூட்டை மேல், தேநீர்க் கோப்பையோடு அவர் இருந்தார். என் தொப்பியைக் கண்டதும் கோப்பை சரிந்தது. எழுந்து மீன் வைத்த குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் போய் நின்றார்.

"உவர்தானோ?" என்று கேட்டார் கடைக்காரம்மா. நல்ல உயரமான பெண். கையில் கருவாடு வெட்டும் கத்தி. "ஐயா, ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ."

தூக்கினேன். முருங்கைக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் நடுவில், கைகளை உயர்த்திக்கொண்டு நின்றேன். சாமான் வாங்க வந்த இருவர் மெதுவாகப் பின்வாங்கினார்கள். சறோ என் கோட்டை விலக்கி, இடுப்பிலிருந்து அதை எடுத்து, மேஸைக் கழற்றி, அந்த நீலப் பொம்மையைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தாள்.

"அண்ணை, இதுதான். பாருங்கோ. இவர் கள்ளன் இல்லை. மொக்கன். மாப்பிள்ளையின்ர தாய்மாமன்."

பத்தர் அதைத் தொடவில்லை.

"முதலாளிதான் சொன்னவர், அந்தத் தொப்பி போட்ட ஐயாவும் அதே வீட்டுக்குத்தான் போறார், அவரை விட்டிடாமல் பிடிச்சுக்கொண்டு போ எண்டு," என்றார். "நான் லண்டனுக்கு வந்து நாலு மாசம். பாதை தெரியாது. இவர் ஏறி இறங்க, நானும் ஏறி இறங்கினன். லண்டனில படிச்ச ஆக்கள் இப்பிடித்தான் போறவையோ எண்டு நினைச்சன்."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரிக்கத் தொடங்கினேன். பத்தர் சிரிக்கவில்லை.

"பிரான்சில நான் நிண்ட கடைக்குள்ள ஒருநாள் கள்ளர் வந்தவங்கள். ஒருத்தன் கோட்டுக்குள்ள கைவிட்டதுதான் தெரியும். ஒரு மணித்தியாலம் மேசைக்குக் கீழ கிடந்தனான். அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்தனான்." அவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் என்னத்தை எடுத்தியள் எண்டு நான் பாக்கேல்லை ஐயா. கை உள்ள போனதைத்தான் பாத்தனான்."

அவ்வளவு நேரமும் எனக்குள் இருந்த பகிடி அந்த இடத்தில் செத்தது. இந்த வயதில், படித்தவன் என்று பெயர் வாங்கி, பவுலின் தெளிவாகச் சொல்லியும் கேளாமல், ஒரு நல்ல மனிதனை மறுபடி அந்த மேசைக்குக் கீழே தள்ளியிருந்தேன். கைகளை உயர்த்தியபடியே மன்னிப்புக் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மணி பதினொன்று முப்பத்தொன்று. சறோ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "அண்ணை, தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் தனிய நிண்டு செய்யிறா," என்று மட்டும் சொன்னாள்.

பத்தர் ஜாக்கெட்டை இழுத்துவிட்டார். "வாறன். ஆனால் ஒண்டு. நான் நெருப்புப் பிடிக்கிற நேரம் இவரின்ர ரெண்டு கையும் எனக்குத் தெரிய வேணும். இல்லாட்டி என்ர கை நடுங்கும்."

காரில் நான் முன்னுக்கு, இரண்டு கையும் முன்கண்ணாடிக்குக் கீழே பலகையில். பத்தர் பின்னுக்கு, பையை அணைத்தபடி. பதினொன்று முப்பத்தெட்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். இந்திரா வாசலிலேயே நின்றாள். பத்தருக்கு வழிவிட்டாள். பத்தர் மணையில் அமர்ந்து சாமானைப் பரப்பினார். காசு எங்கே என்று எல்லோரும் தேட, என் உள்பையில் என்று சொல்லிக் கோட்டுக்குள் கைவிட்டேன். பத்தர் மணையோடு ஒரு முழம் பின்னால் போனார்.

"அண்ணை, அசையாதையுங்கோ!" என்று இந்திரா கத்தி, தானே என் பைக்குள் கைவிட்டுச் சிமிழை எடுத்தாள்.

கஜன் காசை வெற்றிலையில் வைத்துப் பத்தரிடம் கொடுத்தான். தேங்காய் உடைந்தது. பத்தர் என்னைப் பார்த்தார். நான் கைகளை உயர்த்தினேன். சுடர் நீலமாகச் சீறியது. அந்தக் கணத்தில் அவர் கைகள் இரண்டும் கல்போல் நடுங்காமல் நின்றன. கிண்ணத்தில் காசின் விளிம்பு மெதுவாக இளகி, சுருண்டு, ஒரு சிவந்த முத்தாகத் திரண்டது. பதினொன்று நாற்பத்தாறு. இந்திரா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டிக்கொண்டு வந்தபோது எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் மட்டும் கையை இறக்க அனுமதி கிடைக்காததால் பார்வையால் கும்பிட்டேன்.

நீலத் துப்பாக்கியைச் சறோ அன்று பின்னேரமே தேங்காய் உடைக்கும் கத்தியால் நாலு துண்டாக்கினாள். அடுத்த கிழமை நான் பழத்தட்டோடு வெம்பிளிக்குப் போய்ப் பத்தரைக் கண்டேன். கதைக்கக் கதைக்க இரண்டு தரம் தேநீர் குடித்தோம். கஜனின் கலியாணம் நன்றாக நடந்தது. பெண்ணின் தகப்பன் மட்டும் என்னோடு கைகுலுக்க இன்றுவரை கொஞ்சம் யோசிப்பார்.

அந்தப் பொன்னுருக்கின் வீடியோ இப்போதும் எங்கள் சொந்தத்துக்குள் சுற்றுகிறது. அதில் பத்தர் பொன் உருக்கும் ஐந்து நிமிடமும், படத்தின் இடது மூலையில் ஒரு வயதான மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, கண்ணீர் வழிய இருப்பார். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து பார்க்கிற சனம், "ஆரது, இவ்வளவு பக்தியான மனுசன்?" என்று கேட்கிறார்களாம்.

நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் என் தங்கச்சி ஒவ்வொரு முறையும் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, கேட்டவர்களை இருக்கச் சொல்லி, முதலிலிருந்து சொல்லுவாள்.